பின்சீட்டு ஈரம்

மெக்கானிக் ஹென்றி ஐம்பது காசை விரல்களுக்கு நடுவில் பிடித்துப் படகின் வயிற்றில் தட்டிக்கொண்டே வந்தார். பழைய பைபர் படகு வாங்குகிறவன் கண்ணால் பார்த்து ஏமாறக் கூடாது, காதால் பார்க்க வேண்டும் என்று ராயபுரத்தில் பைக்கில் ஏறியதிலிருந்து எண்ணூரில் இறங்கும்வரை பாடம் நடத்தியிருந்தார். நல்ல இடத்தில் டங்கென்று கேட்கும், தண்ணீர் ஊறிய இடத்தில் தொப்பென்று கேட்கும், அவ்வளவுதான் வித்தை. உச்சிமாகாளி படகின் மறுபக்கம் நின்று, நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரி இரைச்சலைத் தாண்டி அந்தச் சத்தத்தை மட்டும் பிடிக்க முயன்றுகொண்டிருந்தான். மூக்கிலிருந்து பின்பக்கம் வரை ஒரே டங், டங், டங். பின்சீட்டுக்கு நேர் கீழே வந்தபோது ஹென்றி ஒருமுறை தட்டிவிட்டு, கையை எடுத்துக் கழுத்து வேர்வையைத் துடைத்தார். அப்போது இன்னொரு டங் கேட்டது.

உச்சிமாகாளி குனிந்து பார்த்தான். படகுக்கு அடியில் ஹென்றியின் கால்கள் மட்டும் தெரிந்தன. படகைக் காவல் பார்க்கும் ஜெயவேல் தூரத்தில் கேட் பக்கம் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். ஹென்றிக்குக் காது கொஞ்சம் மந்தம், இருபது வருஷமாக இன்ஜின்களோடு குடித்தனம் நடத்தியதன் பலன். அவர் நாணயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, படகின் அடிக்கூடு சுத்தமாக இருக்கிறது, ஒரு சொட்டு ஈரம் உள்ளே போகவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எலி ஏதாவது இருக்கும் என்று உச்சிமாகாளி தனக்குள் சொல்லிக்கொண்டான். எலி டங்கென்று தட்டுமா என்பதை அவன் யோசிக்க விரும்பவில்லை.

இந்தப் படகு அவனுக்கு வேண்டும். அதில் சந்தேகமே கிடையாது. எண்ணூருக்கு வரும் நிலக்கரிக் கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நாள்கணக்கில் நிற்கும். அந்தக் கப்பல்களுக்கு அரிசி, முட்டை, கோழி, காய்கறி கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவன் தொழில். யார் படகு முதலில் போய்ச் சேர்கிறதோ அவர்களுக்குத்தான் ஆர்டர். வாடகைக்கு எடுத்த மீன்பிடிப் படகில் அவன் ஆடி அசைந்து போய்ச் சேருவதற்குள் போட்டிக்காரன் பில் போட்டுவிட்டுத் திரும்பிவந்து, எதிரே கையாட்டிவிட்டுப் போவான். அந்தக் கையாட்டலை நினைத்து உச்சிமாகாளி பல இரவுகள் தூங்கவில்லை. ஒரு மாதமாக வேகப்படகு தேடி அலைந்தான். காசிமேட்டில் பார்த்த ஒன்றின் பின்பலகையில் விரிசல். பழவேற்காட்டில் பார்த்ததில் கியர் எண்ணெய் பால் நிறத்தில் வந்தது, தண்ணீர் கலந்திருக்கிறது என்று ஹென்றி கையை உதறிவிட்டார். இது மாதவரத்தில் லாரி ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர் ஆசைக்கு வாங்கியது. இருநூறு குதிரைசக்தி இன்ஜின், முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் நான்கு பேர் உட்காரும் நீள சீட்டு. வாங்கியவர் ஏனோ இரண்டு வருஷமாக இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

இன்னொரு விஷயமும் இருந்தது. வீட்டில் குணசுந்தரிக்கு ஏழு மாதம். மாசமாக இருப்பவளின் புருஷன் கடலில் இறங்கக் கூடாது என்று மாமியார் திசையன்விளையிலிருந்து போன் போட்டுப் போட்டுச் சொல்லியிருந்தாள். கரையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்று காலையில் மனைவியிடம் உச்சிமாகாளி சொன்னது பச்சைப் பொய். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. செருப்பை மாட்டும்போது வாசலுக்கு வந்து, "விளக்கு வைக்கதுக்குள்ள வந்துருங்க. சாயங்காலமானா எனக்கு என்னமோ போல வருது," என்று மட்டும் சொன்னாள். வந்துவிடுவதாக அவள் தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தான்.

ஜெயவேல் தார்ப்பாயைக் கழற்றினான். உள்ளே அடைந்துகிடந்த காற்று வெளியே வந்தது. மழைநாளில் நெரிசலான பஸ்ஸுக்குள் அடிக்குமே, ஈரத்துணியும் தலைமுடியும் கலந்த ஒரு வாடை, அதுதான். உச்சிமாகாளி ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்துப் பின்சீட்டின் ரெக்சினைத் தொட்டான். விரல் நனைந்தது. மாசி மாதம், பொங்கலுக்குப் பிறகு ஒரு தூறல்கூட இல்லை, தார்ப்பாயின் அடிப்பக்கம் காய்ந்து, மேல்பக்கம் சாம்பல் படிந்திருந்தது. ஆனால் சீட்டில், மனிதர்கள் உட்கார்ந்து எழுந்த மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் குழிகள். ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் தண்ணீர்.

"டெய்லி தொடச்சிகினுதான் கீறேன் அண்ணாச்சி," என்றான் ஜெயவேல். அவன் முகத்துவாரக்குப்பத்துக்காரன். எதையும் முகத்தைப் பார்த்துச் சொல்கிறவன், இதை மட்டும் சீட்டைப் பார்த்துச் சொன்னான்.

அந்த நிமிஷத்தில் உச்சிமாகாளி வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால் போட்டிக்காரனின் கை கண்முன் ஆடியது. ஹென்றி வேறு இன்ஜினைத் தட்டிப்பார்த்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்து, கல்யாணப் பெண்ணைப் பார்த்த மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் விட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டால் பேசி முடித்துவிடலாம் என்றார். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடப்பதால் கடல் தண்ணீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படகு உப்பங்கழியில் இறங்கியபோது வெயில் மஞ்சளாகியிருந்தது.

ஜெயவேல் ஸ்டியரிங்கைப் பிடித்தான். பக்கத்துச் சீட்டில் உச்சிமாகாளி. ஹென்றி பின்சீட்டின் ஈரத்தைப் பார்த்துவிட்டு, பேன்ட் நாறிப்போகும் என்று இருவருக்கும் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரையோரம் அனல்மின் நிலையத்தின் சாம்பல் தண்ணீரில் பால்கஞ்சி நிறத்தில் கலந்துகொண்டிருந்தது. உச்சிமாகாளிக்கு நீச்சல் தெரியாது. கப்பல் கப்பலாக ஏறி இறங்குகிற தொழிலில் இதை யாரிடமும் சொல்ல முடியாது, அவன் சொன்னதும் இல்லை.

முகத்துவாரம் நெருங்கியதும் ஜெயவேல் வேகத்தைக் குறைத்தான்.

"அண்ணாச்சி, இத்த தாண்ட சொல்லோ வண்டில கீற அல்லாரும் எடம் இல்லன்னு ஒரு தபா வாய வுட்டு சொல்லணும். ஒர்த்தர் வுடாம."

யாரிடம் சொல்ல வேண்டும் என்று உச்சிமாகாளி கேட்டான்.

"யார்கிட்டன்னு கேக்காத. சொல்லிட்டு போய்கினே இரு."

குப்பத்தில் எல்லாப் படகும் இப்படித்தான் போகுமாம். ஜெயவேல் தலையை வெளியே நீட்டித் தண்ணீரைப் பார்த்து, "எடம் இல்ல," என்று உரக்கச் சொன்னான். ஹென்றி கொட்டாவியோடு அதையே சொன்னார். உச்சிமாகாளியின் முறை வந்தது. அவனுக்கு வாய் வரவில்லை.

அது அவன் குற்றம் என்று சொல்ல முடியாது. பதினாறு வயதில் ஊரிலிருந்து வந்து, திருவொற்றியூர் தேரடியில் அண்ணனின் மளிகைக் கடையில் நின்றவன். கடையில் நிற்கிறவன் வாயிலிருந்து இல்லை என்ற சொல் வரக் கூடாது, வந்தால் லட்சுமி படியிறங்கிவிடுவாள். சீனி தீர்ந்துபோனால் சாயங்காலம் வருகிறது என்பான். உளுந்து தீர்ந்தால் புது மூட்டை பிரிக்கணும் என்பான். வாய் தவறி ஒருமுறை சொன்னதற்கு அண்ணன் வைத்த குட்டு இன்னும் உச்சந்தலையில் இருக்கிறது. பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை இருக்கா என்றால்கூட இருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் பையைத் துழாவுவான், குணசுந்தரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்போதும் அவன், "நிறைஞ்சிருச்சு," என்று உதட்டுக்குள் முனகினான். இன்ஜின் சத்தத்தில் ஜெயவேலுக்குக் கேட்கவில்லை. சொல்லியாயிற்று என்று நினைத்து அவன் லீவரைத் தள்ளினான்.

வெளிக்கடலில் படகு எழும்பவில்லை.

வேகப்படகு என்றால் மூக்கைத் தூக்கி, பிறகு சமமாகி, தண்ணீருக்கு மேலே வழுக்கிக்கொண்டு பறக்க வேண்டும். இது மூக்கைத் தூக்கியது, தூக்கியபடியே நின்றது. பின்பக்கம் அழுந்திக்கிடந்தது. இன்ஜின் அலறியது. நாலு பேர் பின்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி இழுக்கிறதே என்று ஜெயவேல் பல்லைக் கடித்தான். அடியில் அடைத்திருக்கும் பஞ்சு ஊறியிருக்கும், காயவைத்தால் சரியாகிவிடும் என்றார் ஹென்றி. ஒரு சொட்டு ஈரம் இல்லை என்று கரையில் அவரேதான் தட்டிப்பார்த்துச் சொன்னார். அப்படியானால் இந்தப் பாரம் எது? திரும்பிப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது. பின்சீட்டில் யாரும் இல்லை என்பது தெரிந்தும் கழுத்து திரும்ப மறுத்தது.

படகு வேண்டாம், திரும்பலாம் என்று கடைசியில் அவனே சொன்னான். சொன்னவுடன் மனசு லேசாகிவிட்டது. போட்டிக்காரன் கையாட்டினால் ஆட்டிவிட்டுப் போகட்டும். வீட்டுக்குப் போய், பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு, குணசுந்தரியிடம் நாலு திட்டு வாங்கிக்கொண்டு சாப்பிட்டுத் தூங்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

திரும்பும்போது, சரியாக முகத்துவாரத்துக்கு நடுவில், இன்ஜின் நின்றது.

சத்தம் நின்றதும் உலகமே காலியான மாதிரி இருந்தது. மணலி பக்கம் சூரியன் இறங்கிவிட்டது. சுத்திகரிப்பு ஆலையின் நெருப்பு மட்டும் வானத்தில் ஒரு ஓரத்தைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் படகின் பக்கவாட்டில் நக்கி நக்கிச் சத்தம் போட்டது. மணல்மேட்டில் ஏறிவிடக் கூடாதென்று ஜெயவேல் கழியோடு முன்முனைக்குப் போய் ஊன்றிக்கொண்டு நின்றான். ஹென்றி பின்சீட்டைத் தாண்டிப் போய் இன்ஜின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். நடுவில் உச்சிமாகாளி மட்டும். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். விளக்கு வைக்கும் நேரம். அவள் இந்நேரம் தீப்பெட்டியை எடுத்திருப்பாள். வாசலைப் பார்த்திருப்பாள்.

"அண்ணாச்சி, எடம் கீதா?"

பக்கத்தில்தான் கேட்டது. சாதாரணக் குரல். கடை வாசலில் நின்று அரைக்கிலோ பருப்பு கேட்கிற, களைத்துப்போன ஒரு மனிதனின் குரல்.

"இருக்கு, வாங்க."

வாய்தான் சொன்னது. பதினெட்டு வருஷம் கடையில் நின்ற வாய். கடிகாரத்திலிருந்து கண்ணை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டது.

அவன் தலையைத் திருப்பினான். தண்ணீரில் யாரும் இல்லை. கட்டுமரம் இல்லை. ஆள் இல்லை. அவன் இருந்த பக்கமாகப் படகு மெதுவாகச் சாய்ந்தது, யாரோ இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி ஏறுகிற மாதிரி. பிறகு நிமிர்ந்தது. விளிம்பில் இரண்டு இடத்தில் தண்ணீர் வழிந்தது.

"யார்கிட்ட பேசினே?" முன்முனையிலிருந்து ஜெயவேல் திரும்பிப் பார்த்தான். அந்தக் குரலில் இருந்த கூர்மையில் உச்சிமாகாளிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். தப்பு செய்துவிட்டேன், ஏதாவது பரிகாரம் இருந்தால் செய் என்று அவன் காலைப் பிடித்திருக்க வேண்டும். வெட்கமும் பயமும் சேர்ந்து நாக்கைப் பிடித்துக்கொண்டன.

"யார்கிட்டயும் பேசலையே," என்றான்.

ஜெயவேல் மேலும் கேட்க வாயெடுத்தான். அதற்குள் ஹென்றி எதையும் தொடாமலே இன்ஜின் ஒரு இருமலோடு உயிர்பெற்றது. ஜெயவேல் ஓடிவந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். ஹென்றி பின்சீட்டைத் தாண்டிப் பழைய இடத்துக்கு வந்து நின்றார். லீவர் முன்னால் போனது.

படகு எழும்பியது.

மூக்கு உயர்ந்து, தணிந்து, சமமானது. அடியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. இவ்வளவு நேரம் அழுத்திக்கொண்டிருந்த பாரம் எங்கே போனதோ போய்விட்டது. ஹென்றி விசிலடித்தார். ஜெயவேலே சிரித்துவிட்டான். முன்சீட்டிலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது.

உச்சிமாகாளி சிரிக்கவில்லை.

அவன் முகத்தில் காற்று அடிக்கவில்லை. முன்னால் ஹென்றியின் முதுகு நின்று மறைத்துக்கொண்டிருந்தது. ஹென்றி எனக்குப் பின்னால் அல்லவா நின்றார் என்று நினைத்தான். தொடைக்கு அடியில் ஈரம். குளிர். அந்தப் பஸ் வாடை.

ஹென்றியின் முதுகுக்கு இடதுபுறம், முன்சீட்டில், ஒருவன் உட்கார்ந்திருந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை. காலர் பிய்ந்து தைத்திருந்தது. கறுப்பு நூல் இருக்கும்போது வெள்ளை நூலில் தைத்ததற்கு உச்சிமாகாளி குணசுந்தரியோடு சண்டை போட்டிருந்தான். காலருக்கு மேலே ஒரு பிடரி. பிடரியில் ஒரு மச்சம். ஒரு நாளும் அதை அவன் பார்த்ததில்லை. இருக்கிறது என்று குணசுந்தரி சொல்லக் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

எழுந்திருக்கப் பார்த்தான்.

முடியவில்லை.

இரண்டு பக்கமும் தோள்கள். நனைந்த தோள்கள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன். மடியில் வைத்த கைகள் மட்டும் கண் ஓரத்தில் தெரிந்தன. வெளுத்து ஊறிய கைகள். ஒன்றில் வளையல்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காரு," என்றது வளையல் போட்ட பக்கம். கோபமே இல்லாமல். புதிதாக வந்தவனிடம் சொல்கிற மாதிரி.

கத்தினான். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. உப்பும் சாம்பலும் கலந்த தண்ணீர். மறுபடி கத்தினான். மறுபடி தண்ணீர். ஹென்றியின் முதுகு கையெட்டும் தூரத்தில்தான். கை எழவில்லை.

படகு கரை சேர்ந்தது. வண்டியில் ஏற்றி இழுத்தார்கள். ஹென்றி குதித்து இறங்கினார். நீலச் சட்டைக்காரன் நிதானமாக ஏணியில் இறங்கினான், ஒவ்வொரு படியாக, கால் வைக்கப் பழகுகிறவன் மாதிரி. ஜெயவேல் இறங்கி நின்று, விரலை நீட்டித் தன்னையும் சேர்த்து ஆட்களை எண்ணினான். மூன்று. நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டான். அவன் படகுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தான். அவன் கண் உச்சிமாகாளியின் மேல் பட்டது, பட்டும் நிற்கவில்லை, ஈரச் சீட்டைக் கடந்து போய்விட்டது.

"ஜெயவேலு," என்று கூப்பிட்டான் உச்சிமாகாளி. வாயிலிருந்து சீட்டில் தண்ணீர் வழிந்தது.

"ஐயே, மறுபடி ஈரம்," என்று ஜெயவேல் சலித்துக்கொண்டு, துடைக்காமல் போய்விட்டான்.

வெளியே பேச்சு கேட்டது. படகு பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்று உச்சிமாகாளியின் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அதே இழுவை, அதே தென்பாண்டிப் பேச்சு. நடுவில் வேண்டாமென்று சொன்னீரே என்று ஹென்றி கேலி செய்தார். அந்தக் குரல் சிரித்தது. சிரிப்பு மட்டும் கொஞ்சம் நேரம் அதிகமாக நீடித்தது. ஹென்றிக்குக் காது மந்தம்.

நீலச் சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

இந்த நேரத்தில் யார் என்று சீட்டில் இருந்த உச்சிமாகாளிக்குத் தெரியும். எடுக்காதே. ஐயா, எடுக்காதே. அவளிடம் பேசாதே. என் படகு வேண்டாம், தொழில் வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துக்கொள். அவளை விட்டுவிடு. எல்லாச் சொல்லும் தண்ணீராகவே வந்தது. பக்கத்துத் தோள்கள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

தார்ப்பாய் ஒரு பக்கத்திலிருந்து இழுபட்டு வந்தது. முதலில் இன்ஜினை மூடியது. பிறகு வானத்தை. மிச்சமிருந்த இடுக்கில், பைக்கின் பக்கத்தில் நின்று போனைக் காதில் வைத்திருந்த நீலச் சட்டை தெரிந்தது. நின்ற இடத்தில், அதன் காலடி மண் நனைந்து கறுத்துக்கொண்டே போனது.

"கிளம்பிட்டேன் சுந்தரி," என்றது அது, அவன் ஒரு நாளும் பேசியிராத அவ்வளவு கனிவோடு. "பயப்படாத தாயி. கதவைத் திறந்து வையி."